இமயமலையில் மேலேறும் பசுமை: கணினி மாதிரிகள் எதைக் காட்டுகின்றன?

இமயமலையில் வெப்பநிலை உயர்ந்துவரும் நிலையில், காடு எந்த உயரம் வரை ஏறும், அதற்கு மேலுள்ள புல்வெளிகளில் எவ்வளவு எஞ்சும் என்பதைக் கணிக்கக் கணினி மாதிரிகள் பயன்படுத்தப்படுகின்றன. உத்தராகண்டில் 'புக்யால்' எனப்படும் அப்புல்வெளிகளை நம்பியே மேய்ப்பர்கள் கோடையில் ஆடுகளுடன் மலையேறுகின்றனர்.

மலையில் உயரம் 1,000 மீட்டர் கூடினால், வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். எனவே, வெப்பம் ஒரு டிகிரி உயர்ந்தால் மரங்கள் சுமார் 150 மீட்டர் மேலேறும் என்பது எளிய கணக்கு. ஆனால், மலை அதற்குக் கட்டுப்படுவதில்லை. தெற்கு நோக்கிய சரிவு வெயிலில் விரைவாகக் காய்கிறது. வடக்குச் சரிவில் பனி நீண்ட நாள் தங்கி மண்ணை ஈரமாக வைத்திருப்பதால், அங்கு பூர்ஜ மரங்கள் செழிக்கின்றன.

பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அகச்சிவப்புக்கு அண்மைய ஒளியைத் திருப்பி அனுப்பும். இவ்வேறுபாட்டைச் செயற்கைக்கோள்கள் பதிவு செய்கின்றன. அத்துடன் உயரம், சரிவு, பனி குறித்த தரவுகளையும் சேர்த்து, எந்தத் தாவரம் எச்சூழலில் வளர்கிறது என்பதை மாதிரி கற்றுக்கொள்கிறது. பின்னர் வருங்கால வெப்பநிலையை உள்ளிட்டு, புதிய வரைபடம் பெறப்படுகிறது.

பிரிட்டனின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1993 முதல் 2018 வரையிலான லேண்ட்சாட் படங்களை ஆராய்ந்து, 2020-இல் முடிவுகளை வெளியிட்டனர். இமயமலைப் பகுதியில் 5,000 முதல் 5,500 மீட்டர் உயரத்தில் தாவரப் பரப்பு கூடியிருப்பது அதில் தெரியவந்தது. எனினும், அங்கு பெருகியவை மரங்கள் அல்ல; புற்களும் குட்டைப் புதர்களுமே. 'இமயம் பசுமையாகிறது' என்ற தலைப்புகளில் இந்த வேறுபாடு காணாமல் போய்விடுகிறது.

வெப்பநிலையை மட்டும் நம்பும் மாதிரி எங்கே தவறக்கூடும் என்பதற்கு, சமோலி மாவட்டத்தின் மலர்ப் பள்ளத்தாக்கு சான்று. அது 1982-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, மேய்ச்சல் தடை செய்யப்பட்டது. பின்னர் உயரமாக வளரும் பாலிகோனம் என்ற செடி பரவியதால், அதனை வெட்டி அகற்ற வேண்டியதாயிற்று. மேய்ச்சல் நின்றதே அதற்குக் காரணமா என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மேய்ச்சல் வரலாற்றைச் சேர்க்காத மாதிரியோ, இக்கேள்வியை எழுப்பவே இயலாது.

இதனால், களத்தில் கன்றுகளை எண்ணும் பணி இன்றும் தவிர்க்க முடியாததாக உள்ளது. மரவரம்புக்கு மேல் முளைத்த ஒரு பூர்ஜக் கன்று குளிர்காலத்தைத் தாண்டியதா, ஆடு மேய்ந்துவிட்டதா என்பது, ஒரு புள்ளிக்கு 30 மீட்டர் அகலமுள்ள செயற்கைக்கோள் படத்தில் தெரியாது.