வைட்டமின் டி-யைச் சிதைக்கும் மரபணு: ஆக்கமும் அழிவும் இணைந்த ஒழுங்குமுறை

ஆய்வுச்சுருக்கம்

வைட்டமின் டி உடலில் செயல்வடிவம் பெறுவதும் சிதைக்கப்படுவதும் மரபணுக்களின் கட்டுப்பாட்டில் நிகழ்கின்றன. ஆக்கத்திற்குரிய மரபணுக்கள் பேசப்படும் அளவுக்குச் சிதைவுக்குரிய சிஒய்பி24ஏ1 என்னும் மரபணு பேசப்படுவதில்லை. இம்மரபணு செயலிழந்த குழந்தைக்குப் பிறர்க்குத் தீங்கு செய்யாத அளவே நஞ்சாகலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வைட்டமின் டி, கால்சிட்ரையால், மரபணு ஒழுங்குமுறை, சிஒய்பி24ஏ1, கால்சிய மிகைமை

முன்னுரை

இரண்டாம் உலகப்போரை ஒட்டிய ஆண்டுகளில், ரிக்கெட்ஸ் என்னும் எலும்பு நோயைத் தடுக்கும் பொருட்டு, பிரித்தானியாவில் குழந்தைகளுக்கான பால்மாவிலும் தானிய உணவிலும் வைட்டமின் டி சேர்க்கப்பட்டது. மீன் எண்ணெயும் வழங்கப்பட்டது. இவையனைத்தும் சேர, சில குழந்தைகள் நாளொன்றுக்கு 4000 பன்னாட்டு அலகுகள் வரை பெற நேர்ந்தது. 1950களின் தொடக்கத்தில் வாந்தி, எடைக்குறைவு, நீரிழப்பு ஆகியவற்றுடன், குருதியில் கால்சியம் மிகுந்த குழந்தைகளை மருத்துவர்கள் காணத் தொடங்கினர். 1957இல் அளவைக் குறைக்கப் பரிந்துரைக்கப்பட்டது. அதன்பின் நோயும் அருகியது. எனினும் ஒரே உணவை உண்ட பெரும்பாலோர் நலமாயிருக்க, ஒரு சிலர் மட்டும் பாதிக்கப்பட்டது ஏன் என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கான விடையின் முக்கியமான பகுதி மரபணுவில் இருந்தது.

செயல்வடிவம் பெறுதல்

தோலிலுள்ள 7-டீஹைட்ரோகொலஸ்டிரால், சூரிய ஒளியின் புறஊதா-பி கதிர்களால் வைட்டமின் டி3 ஆக மாறுகிறது. இவ்வடிவம் நேரடியாகச் செயல்படுவதில்லை. கல்லீரலில் சிஒய்பி2ஆர்1 மரபணு தரும் நொதி, இதனை 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி ஆக மாற்றுகிறது. குருதிப் பரிசோதனையில் வழக்கமாக அளக்கப்படுவது இதுவே. பின்னர்ச் சிறுநீரகத்தில் சிஒய்பி27பி1 மரபணு தரும் நொதி, இதனைக் கால்சிட்ரையால் என்னும் செயல்வடிவமாக்குகிறது. சிஒய்பி27பி1 பழுதுபட்டால், வைட்டமின் டி போதிய அளவு கிடைத்தும் குழந்தைக்கு ரிக்கெட்ஸ் உண்டாகும்.

மரபணு நிலையில் ஒழுங்குமுறை

கால்சிட்ரையால் ஓர் இயக்குநீராகவே செயல்படுகிறது. செல்லினுள் அது வைட்டமின் டி ஏற்பி என்னும் புரதத்துடன் இணைகிறது. அவ்வேற்பி, ரெட்டினாய்டு எக்ஸ் ஏற்பியுடன் இணையாகி டி.என்.ஏ.வில் குறிப்பிட்ட இடங்களில் பொருந்துகிறது. ஆறு காரங்கள் கொண்ட இரு தொடர்களும் அவற்றிடையே மூன்று காரங்களும் அமைந்திருப்பது இவ்விடங்களின் பொதுவான அடையாளமாகும். இப்பிணைப்பால் சில மரபணுக்கள் தூண்டப்படுகின்றன, சில ஒடுக்கப்படுகின்றன.

கால்சிட்ரையால் மிக வலுவாகத் தூண்டும் மரபணுக்களுள் ஒன்று, 20ஆம் குரோமோசோமில் அமைந்த சிஒய்பி24ஏ1 ஆகும். இது தரும் நொதி, கால்சிட்ரையாலைப் படிப்படியாகச் சிதைத்துச் செயலற்ற கால்சிட்ரோயிக் அமிலமாக்குகிறது. அதன் முன்வடிவமான 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி-யையும் மாற்றிவிடுகிறது. தன்னை அழிக்கும் நொதியைக் கால்சிட்ரையால் தானே வரவழைக்கிறது எனலாம்.

இச்சுழற்சியின்மேல் வேறிரு இயக்குநீர்களும் செயல்படுகின்றன. குருதியில் கால்சியம் குறையும்போது சுரக்கும் இணைதைராய்டு இயக்குநீர், சிறுநீரகத்தில் சிஒய்பி27பி1-ஐத் தூண்டிச் சிஒய்பி24ஏ1-ஐ ஒடுக்குகிறது. எலும்பிலிருந்து சுரக்கும் எஃப்ஜிஎஃப்23 இதற்கு நேர்மாறாகச் செயல்படுகிறது. ஆக்கமும் அழிவும் எதிரெதிர்த் திசையில் ஒருங்கே திருப்பப்படுவதால், கால்சிட்ரையாலின் அளவு குறுகிய எல்லைக்குள் நிற்கிறது.

சிதைவு தவறும்போது

சிஒய்பி24ஏ1 நீக்கப்பட்ட எலிகளில் ஏறத்தாழப் பாதி, பால்குடி மறக்கும் முன்னரே இறந்தன என 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. காரணம் கூறவியலாத கால்சிய மிகைமை கொண்ட குழந்தைகளிடம் இதே மரபணு பழுதுபட்டிருப்பதை, 2011இல் ஜெர்மானிய ஆய்வாளர் ஷ்லிங்மன் குழுவினர் வெளியிட்டனர். தடுப்பு முறையாக வைட்டமின் டி-யை ஒரே வேளையில் பேரளவில் பெற்று நோயுற்ற குழந்தைகளும் அவருள் இருந்தனர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற படி வந்து சேரும்போது நோய் தோன்றுகிறது. ஒற்றைப் படி மட்டும் உடைய பெற்றோர் பெரும்பாலும் நலமாகவே இருப்பர்.

நோயறிதலில் 25-ஹைட்ராக்சி வைட்டமின் டி-யின் அளவு மட்டும் போதாது. அந்நொதியின் விளைபொருளான 24,25-டைஹைட்ராக்சி வைட்டமின் டி-யையும் அளந்து, இரண்டின் விகிதத்தைக் காண வேண்டும். நொதி செயலிழந்தோரிடம் இவ்விகிதம் பன்மடங்கு உயர்ந்திருக்கும். வைட்டமின் டி மருந்துகளை நிறுத்துதல், கால்சியம் குறைந்த உணவு ஆகியவை முதன்மைச் சிகிச்சைகள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், சிஒய்பி3ஏ4 மரபணுவைத் தூண்டி மாற்றுச் சிதைவு வழியைத் திறப்பதால், சில நோயாளிகளுக்குப் பயன்பட்டுள்ளது. சிலரிடம் இப்பழுது சிறுநீரகக் கற்களின் வழியாகவோ, கால்சிட்ரையால் இயல்பாகவே உயரும் கருவுற்ற காலத்திலோ முதன்முறை வெளிப்படுகிறது.

முடிவுரை

வைட்டமின் டி குறைபாடு பரவலானது. அதைத் தடுக்கும் திட்டங்கள் தேவையானவை. இம்மரபணுப் பழுதோ அரியது. ஆகவே இவ்வாய்வுகள் வைட்டமின் டி வழங்குவதற்கு எதிரான வாதமாகா. ஒரே அளவு எல்லா உடல்களிலும் ஒரே விளைவைத் தருவதில்லை என்பதையே இவை உணர்த்துகின்றன. வைட்டமின் டி பெற்ற குழந்தை தொடர்ந்து வாந்தியெடுத்து எடை குறையுமாயின், மேலும் மருந்து கொடுக்குமுன் குருதியில் கால்சியத்தை அளத்தல் இன்றியமையாதது. கால்சியம் மிகுந்திருப்பின், அளவு கூடியதா என்பதோடு, சிதைக்கும் மரபணு செயல்படுகிறதா என்பதும் ஆராயப்பட வேண்டும்.