கார் பேட்டரியில் ராஸ்பெர்ரி பை: இணைக்கும் முன் கவனியுங்கள்

கம்ப்யூட்டர் ஓரளவு பழகிவிட்டால், ராஸ்பெர்ரி பை போன்ற சின்ன போர்டு ஒன்றை வாங்கி ஏதாவது செய்து பார்க்கும் ஆசை வரும். எனக்கும் வந்தது. அதில் பாடல்களை நிரப்பி அப்பாவின் காரில் பொருத்தினேன். கார் பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர், நடுவில் 5 வோல்ட் தரும் ஒரு கன்வெர்ட்டர். அவ்வளவுதான். வெள்ளிக்கிழமை இரவு பாட்டு அருமையாகக் கேட்டது. போர்டை ஆஃப் செய்ய மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை காலை பாட்டியை மருத்துவமனைக்கு அழைத்துப் போக அப்பா சாவியைத் திருப்பினார். "டிக் டிக்" சத்தம்தான் வந்தது. ஆட்டோ பிடித்துப் போனார்கள். மாலையில் வந்த மெக்கானிக் என் வயரைப் பார்த்துவிட்டு, "பியூஸே போடலையா தம்பி? பேட்டரி இறங்கினதோட போச்சே!" என்றார். அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்று பார்ப்போம்.

12 வோல்ட்தானே, என்ன ஆகும்?

12 வோல்ட்டைத் தொட்டால் பொதுவாக ஷாக் அடிக்காது. ஆனால் கார் பேட்டரி, ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்காக நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடியது. நல்ல செல்போன் சார்ஜரில் ஷார்ட் ஆனால் சார்ஜர் தானே நிறுத்திக்கொள்ளும். பேட்டரி நிறுத்தாது. மெல்லிய வயர் சில நொடிகளில் பழுத்து, மேலுறை தீப்பிடிக்கும். காரின் பாடி முழுவதும் நெகட்டிவ் என்பதால், பாசிட்டிவ் வயரின் தோல் உரசி உரிந்து பாடியைத் தொட்டாலே ஷார்ட்தான்.

பியூஸ்

எனவே முதலில் வாங்க வேண்டியது பியூஸும் அதற்கான ஹோல்டரும். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள் பொருத்துங்கள். போர்டின் பக்கத்தில் பொருத்தினால், அதற்கு முன்னால் உள்ள வயருக்குப் பாதுகாப்பு கிடையாது. 5 வோல்ட், 3 ஆம்பியர் என்றால் 15 வாட். கன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து சுமார் ஒன்றரை ஆம்பியர்தான் எடுக்கும். 3 ஆம்பியர் பியூஸ் போதும். பியூஸ் அடிக்கடி போனால் பெரியதாக மாற்றாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

கன்வெர்ட்டர்

12 வோல்ட் என்பது பெயருக்குத்தான். முழு சார்ஜில் 12.6, எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேல், ஸ்டார்ட் செய்யும் நொடியில் 9க்கும் கீழே போகலாம். இடையிடையே பல மடங்கு உயரும் திடீர் வோல்டேஜும் வரும். எனவே வாகனங்களுக்கென்றே தயாரித்த ஸ்விட்சிங் வகை கன்வெர்ட்டரை வாங்குங்கள். பழைய 7805 ரெகுலேட்டர் வேண்டாம். 1 ஆம்பியர் எடுத்தாலே 9 வாட் வெறும் சூடாகிவிடும். லாரி, பஸ்களில் 24 வோல்ட் என்பதையும் மறக்காதீர்கள்.

எங்கிருந்து எடுப்பது?

சும்மா இருக்கும்போதும் என் போர்டு பேட்டரியிலிருந்து சுமார் 0.3 ஆம்பியர் எடுத்துக்கொண்டிருந்தது. 60 மணி நேரத்தில் 18 ஆம்பியர்-அவர். 35 ஆம்பியர்-அவர் பேட்டரியில் பாதி காலி! பைக்கின் சின்ன பேட்டரி ஒரே இரவு தாங்காது. சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்ட் வரும் ஆக்ஸசரி லைனிலிருந்து எடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் சாவியை எடுத்ததும் போர்டு சட்டென்று அணையும். கம்ப்யூட்டரின் பிளக்கைப் பிடுங்குவது போலத்தான். மெமரி கார்டில் உள்ள பைல்கள் கெடலாம். முதலில் ஷட்டவுன் செய்யுங்கள்.

புதியவர்களுக்குச் சுலபமான வழி, சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகும் தரமான யூஎஸ்பி சார்ஜர். அந்த சாக்கெட்டுக்கு காரிலேயே பியூஸ் உண்டு. சில கார்களில் சாவியை எடுத்த பிறகும் அதில் கரண்ட் இருக்கும். ஒருமுறை சோதித்துப் பாருங்கள்.

பேட்டரியில் கை வைத்தே ஆக வேண்டுமென்றால் எஞ்சினை நிறுத்தி, நெகட்டிவ் வயரை முதலில் கழற்றுங்கள், கடைசியில் மாட்டுங்கள். அப்போது ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

இப்போது என் போர்டு சாக்கெட் வழியாகத்தான் பாடுகிறது. ஆனாலும் இரவு காரைப் பூட்டும் முன் அப்பா, "உன் பெட்டியை அணைச்சாச்சா?" என்று கேட்காமல் விடுவதில்லை.