தோலுக்குப் பகையான வெள்ளைப் பூ

மழைக்காலம் பிறந்தால் சிலருக்கு முகம் சிவக்கிறது, கண்ணிமை தடிக்கிறது, கழுத்தில் ஓயாத அரிப்பு. சோப்பை மாற்றுகிறார்கள், எண்ணெயை மாற்றுகிறார்கள். "புனே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஊர் மீது பழி போடுவதும் உண்டு. ஆனால் உண்மையான குற்றவாளி எதிரே உள்ள காலி மனையில் வெள்ளைப் பூவோடு தலையாட்டிக் கொண்டிருக்கலாம். அதுதான் பார்த்தீனியம் செடி.

ஹடப்ஸரை அடுத்த மகர்பட்டா ஒரு காலத்தில் கரும்பு விளைந்த பூமி. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள், 400 ஏக்கருக்கு மேற்பட்ட தங்கள் நிலத்தை ஒன்று சேர்த்துத் தாங்களே உருவாக்கிய நகர் அது. 2000-ஆம் ஆண்டில் கட்டட வேலை தொடங்கியது. உள்ளே புல்வெளியும் மரங்களும் பேணப்படுகின்றன. ஆனால் மதில் சுவர் காற்றைத் தடுக்காது. சாலையோரம், கால்வாய்க் கரை, குப்பை மேடு எங்கும் முளைக்கும் செடி இது.

புனேயில் கண்ட செடி

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இச்செடி புனேயில் வளர்வதை, இந்தியாவுக்குப் புதியது என்று 1956-ல் பதிவு செய்தவர் தாவரவியலாளர் ரோல்லா சேஷகிரி ராவ். அமெரிக்கக் கோதுமையோடு விதை வந்தது என்பது பரவலான கருத்து. இலை கேரட் இலை போலிருப்பதால் மராத்தியர் 'காஜர் கவத்' என்கிறார்கள். ஒரே செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கும். இதனால் வரும் தோல் அழற்சி பற்றி டாக்டர் லோன்கர் முதலானோர் 1974-ல் மருத்துவ இதழில் எழுதினர்.

செடியிலுள்ள பார்த்தெனின் என்ற பொருளே தொல்லைக்குக் காரணம். காய்ந்த செடியின் தூளும் காற்றில் பறந்து தோலில் படும். பல ஆண்டுகள் ஒன்றும் செய்யாமலிருந்து, உடல் ஒரு முறை அதைப் பகையாக அடையாளம் கண்டுவிட்டால், பிறகு சிறு துகளே போதும். இமை, முகம், கழுத்து, முழங்கை மடிப்பு ஆகியவை முதலில் பாதிக்கப்படும். வெயில் பட்டால் சிலருக்கு இன்னும் கூடும். வெளியில் நின்று உழைக்கும் விவசாயிகளும் தோட்டக்காரர்களுமே அதிகம் அவதிப்படுகிறார்கள்.

செய்ய வேண்டியது என்ன?

மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு முதலில் சுகம் தரும். நாளாக நாளாகத் தோலை மெலியச் செய்யும். நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பலாம். தோல் டாக்டரிடம் காட்டுவதே நல்லது. முதுகில் மருந்துப் பட்டைகளை ஒட்டி இரண்டு நாள் கழித்துப் பார்க்கும் சோதனையில், ஒவ்வாத பொருள் எது என்று தெரியும்.

வெளியே போய் வந்ததும் முகம், கை, கழுத்தைக் கழுவி உடை மாற்ற வேண்டும். கொதிக்கும் நீரும் காரமான சோப்பும் வேண்டாம். குளித்த ஈரத்தோடு வாசனையற்ற களிம்பு தடவலாம். செடி மண்டிய இடத்துக்கருகே துணி உலர்த்தக் கூடாது. சாமந்தியும் சூரியகாந்தியும் இதே குடும்பம் என்பதால், சிலருக்குப் பூத்தொடுப்பதும் அரிப்பைக் கிளப்பும்.

செடியைப் பூக்கும் முன்பே, மழையில் மண் இளகியிருக்கும்போது, கையுறை அணிந்து வேரோடு பிடுங்க வேண்டும். ஒவ்வாமை உள்ளவர்கள் இந்த வேலையில் இறங்கவே கூடாது. காய்ந்ததை எரிப்பதும் தவறு. பிடுங்கிய இடத்தில் தகரையை விதைத்தால் அது பார்த்தீனியத்தை அடக்கி வளரும். இலையைத் தின்னும் மெக்சிகோ வண்டும் 1984-ல் பெங்களூரில் விடப்பட்டு, பல இடங்களில் பரவியிருக்கிறது.

ஆண்டுதோறும் ஆகஸ்டு 16 முதல் 22 வரை பார்த்தீனியம் விழிப்புணர்வு வாரம். குடியிருப்புச் சங்கங்கள் அந்த வாரத்தில் மதிலுக்கு வெளியேயும் ஒரு நடை போய்ப் பார்க்கலாம். தோட்டக்காரருக்கு ஒரு ஜோடி கையுறையும் முழுக்கைச் சட்டையும் வாங்கித் தருவது, நூறு களிம்புகளை விட மேலான வைத்தியம்.