உங்களுக்குத் தெரியுமா? டோபமீன் ஏற்பிகளை எண்ணும் விதம்

சாதாரண நுண்ணோக்கிக்கும் புலப்படாத டோபமீன் ஏற்பிகளை அளவிடும் பொருட்டு, மரித்தோரின் மூளைத் திசுவைக் குழம்பாக அரைத்து, ஏற்பிகளில் ஒட்டக்கூடிய, கதிரியக்க டிரிடியம் ஏற்றிய மருந்தைச் சொற்பமாக ஒரு குழாயில் அதனோடு கலந்து, கண்ணாடி இழை வடிதாளில் வடித்துக் கழுவி, தாளில் தங்கிய கதிரியக்கத்தை விஞ்ஞானிகள் கணக்கிடுவார்கள். ஆயினும், மருந்து கண்ட இடத்திலெல்லாம் ஒட்டும் சுபாவமுடையதாகையால், கதிரியக்கமற்ற வேறொரு மருந்தை மிகுதியாகச் சேர்த்து ஏற்பிகளை அடைத்துவிட்ட இரண்டாவது குழாயின் எண்ணிக்கையை முதலாவதிலிருந்து கழித்த பின்னரே (சாமர்த்தியமெல்லாம் இந்தக் கழித்தலில்தான்!) ஏற்பிகளின் கணக்குக் கிட்டும்.

1978-இல் டொரண்டோவின் பிலிப் சீமன் குழுவினர், மனச்சிதைவு நோயாளிகளின் மூளைகளில் இவ்வெண்ணிக்கை மிகுந்திருக்கக் கண்டனர். நோயாளிகள் உட்கொண்ட மருந்துகளே அதற்குக் காரணமோ என்ற சர்ச்சை நெடுங்காலம் நீடித்தது. இதற்கிடையே, 1983-இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து ஹென்றி வாக்னர், உயிருள்ள மனித மூளையிலேயே இவ்வேற்பிகளைப் படமெடுக்கத் தம் தலையையே முதலில் கொடுத்தார்.