கடனுக்கு முன் ஒரு கொப்பி

மீள்குடியேறிய கையோடு தையல், கோழி வளர்ப்பு, மிளகாய்த்தூள் பொதி செய்தல் என்று ஏதாவது சிறுதொழில் தொடங்க நினைக்கிறீர்களா? முதலில் பயிற்சி, பிறகுதான் கடன். மெசின் கிடைத்தால் தொழில் தானாக நடக்கும் என்று பலர் நம்புகிறார்கள். ஊரில் ஏற்கனவே நான்கு பேர் தைத்தால் ஐந்தாவது மெசினுக்கு வேலை எங்கிருந்து வரும்?

பயிற்சியில் கற்றதை ஒரு மாதம் சிறிய அளவில் செய்து பாருங்கள். வரவு செலவைக் கொப்பியில் எழுதுங்கள். வீட்டுச் சமையலுக்கு எடுத்த தூளையும், கடைக்காரர் இன்னும் தராத காசையும் விடாமல் எழுதுங்கள். தொழில் ஆலோசகர் வரும்போது அந்தக் கொப்பியைக் காட்டுங்கள். வாய்க்கணக்கை வைத்து எவராலும் ஆலோசனை சொல்ல முடியாது.

நுண்கடன் எடுப்பதானால், வட்டியை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கேளுங்கள். 50,000 ரூபாவுக்கு ஆண்டுக்கு 24 வீத நிலையான வட்டி என்றால் வட்டி 12,000 ரூபா. 12 மாதத்தில் கட்டினால் மாதத் தவணை சுமார் 5,170 ரூபா. முதல் குறையக் குறைய வட்டி குறையாது. குறைந்துசெல்லும் மீதிக்குக் கணித்தால் இதுவே 40 வீதத்தைத் தாண்டும்.

தவணை தொடங்கும் நாளையும் பாருங்கள். கோழிக்குஞ்சு முட்டையிட ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். கிழமைத் தவணையோ உடனே தொடங்கிவிடும். சலுகைக்காலம் உண்டா என்று கேளுங்கள். குழுக்கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்களின் தலையில் விழும். அதைக் கட்ட இன்னொரு இடத்தில் கடன் எடுக்க வேண்டாம். 2018 இல் வறட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்களின் நுண்கடன்களுக்கு அரசாங்கமே நிவாரணம் அறிவிக்க நேர்ந்தது.

படிவம் உங்களுக்குத் தெரியாத மொழியில் இருந்தால், வாசித்து விளங்கப்படுத்தும்வரை கையொப்பம் இடாதீர்கள்.