பலிபீடத்தில் எல்ஜிபிடி மக்களின் துயரம்: கிறிஸ்தவக் கலையில் நீடிக்கும் விவாதம் என்ன?

சிலுவையில் துன்புற்ற இயேசுவின் உருவத்தில் தம் காலத்து மக்களின் வேதனையைக் காட்டுவது கிறிஸ்தவக் கலையின் நெடுநாள் மரபாகும். தன்பாலின ஈர்ப்பாளர்கள், மாற்றுப்பாலினத்தவர் ஆகியோரின் துயரத்தையும் அந்த மரபுக்குள் கொண்டுவரும் படைப்புகள் கடந்த சில பத்தாண்டுகளாக மேற்கு நாடுகளில் உருவாகி வருகின்றன. அவற்றை ஒரு தரப்பினர் பக்தி என்கின்றனர். மற்றொரு தரப்பினர் நிந்தனை என்கின்றனர். இந்த விவாதத்தின் பின்னணி வருமாறு:

மரபின் வேர்

ஜெர்மானிய ஓவியர் மத்தியாஸ் குருனேவால்டு 1512 முதல் 1516 வரையிலான காலத்தில் ஐசன்ஹைம் மடாலயத்துக்காகப் பலிபீட ஓவியம் ஒன்றைத் தீட்டினார். பூஞ்சை தாக்கிய தானியத்தை உண்பதால் ஏற்படும் 'அந்தோணியார் நெருப்பு' என்னும் கொடிய நோய்க்கு அந்த மடாலயத்தில் சிகிச்சை அளிக்கப்பட்டு வந்தது. ஓவியத்தில் சிலுவையில் தொங்கும் இயேசுவின் உடல் முழுவதும் புண்கள் காணப்படுகின்றன. தங்கள் வலியை அறிந்தவராக நோயாளிகள் அவரைக் கண்டனர் என்பது கலை வரலாற்றாளர்களின் விளக்கம். இந்த ஓவியம் தற்போது பிரான்சின் கோல்மார் நகர அருங்காட்சியகத்தில் உள்ளது.

எய்ட்ஸ் காலத்தின் படைப்பு

1980-களில் எய்ட்ஸ் நோய் பரவியபோது, அது கடவுள் அளித்த தண்டனை என்று சில மதப் போதகர்கள் கூறினர். நோயின் வலியோடு புறக்கணிப்பையும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் சுமக்க நேர்ந்தது. அவர்களுள் ஒருவரான அமெரிக்க ஓவியர் கீத் ஹாரிங், 1990 பிப்ரவரி 16-ஆம் தேதி தமது 31-ஆவது வயதில் எய்ட்ஸ் பாதிப்பால் காலமானார். இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு அவர் முடித்த கடைசிப் படைப்புகளுள் ஒன்று, 'கிறிஸ்துவின் வாழ்வு' என்னும் மூன்று மடிப்புப் பலிபீடச் சிற்பம். பல கரங்கள் கொண்ட உருவம் ஒன்று குழந்தையை ஏந்தி நிற்க, கீழே மக்கள் திரள் கைகளை உயர்த்துகிறது. வெண்கலத்தால் ஆன இச்சிற்பத்தின் பிரதிகள் நியூயார்க்கின் புனித யோவான் பேராலயம், சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயம், பாரிசின் புனித யூஸ்டாஷ் ஆலயம் ஆகியவற்றில் வைக்கப்பட்டுள்ளன.

உப்சாலாவில் எழுந்த புயல்

எல்லாப் படைப்புகளும் இவ்வாறு அமைதியாக ஏற்கப்படவில்லை. சுவீடனைச் சேர்ந்த புகைப்படக் கலைஞர் எலிசபெத் ஓல்சன், எய்ட்ஸ் நோய்க்கு நண்பர்களை இழந்தவர். அவர் 1998-இல் 'எக்சே ஹோமோ' என்ற 12 புகைப்படங்களின் தொகுப்பை வெளியிட்டார். 'இதோ மனிதன்' என்பது அத்தலைப்பின் பொருள். நற்செய்திக் காட்சிகளை அவர் தற்காலத்துக்கு மாற்றினார். இறுதி இராவுணவில் பெண்ணுடை தரித்த ஆண்கள் இயேசுவைச் சூழ்ந்திருந்தனர்.

பேராயர் கே.ஜி. ஹம்மாரின் அனுமதியுடன் இத்தொகுப்பு உப்சாலா பேராலயத்தில் காட்சிப்படுத்தப்பட்டது. கடும் எதிர்ப்பும் மிரட்டல்களும் எழுந்தன. பேராயரைச் சந்திக்கத் திட்டமிட்டிருந்த போப் இரண்டாம் ஜான் பால், அச்சந்திப்பை ரத்து செய்தார்.

அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் வயோமிங் மாகாணத்தில் தன்பாலின ஈர்ப்பாளரான மாணவர் மேத்யூ ஷெப்பர்ட் தாக்கப்பட்டு, வேலியில் கட்டிவைக்கப்பட்டு, பின்னர் மருத்துவமனையில் உயிரிழந்தார். கத்தோலிக்கக் குருவும் ஓவியருமான வில்லியம் ஹார்ட் மெக்நிகோல்ஸ் அவரது பாடுகளைத் திருவுருவ ஓவியமாக வரைந்தார். ஷெப்பர்டின் அஸ்தி, 20 ஆண்டுகளுக்குப் பிறகு 2018-இல் வாஷிங்டன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது.

மால்மோவில் நேர்ந்த திருப்பம்

சுவீடனின் மால்மோ நகரில் உள்ள புனித பவுல் ஆலயத்தில், ஓல்சனின் 'பரதீசு' என்னும் பலிபீடப் படம் 2019 டிசம்பரில் நிறுவப்பட்டது. ஏதேன் தோட்டத்தில் ஆதாம், ஏவாளுக்குப் பதிலாக ஒருபால் இணையர்கள் அதில் இடம்பெற்றனர். ஆனால் சில நாள்களிலேயே படம் அகற்றப்பட்டது. பாம்பின் இடத்தில் மாற்றுப்பாலினப் பெண் ஒருவர் காட்டப்பட்டிருந்ததால், மாற்றுப்பாலினத்தவரே தீமையின் உருவம் என்று பொருள்கொள்ள இடமுண்டு என ஆலய நிர்வாகம் தெரிவித்தது. ஒருபால் இணையர்கள் இடம்பெற்றது சிக்கல் அல்ல என்றும் அது விளக்கியது. சுவீடன் திருச்சபை 2009 முதலே ஒருபால் திருமணங்களை நடத்தி வருகிறது.

இடம் ஏன் முக்கியம்?

காட்சிக்கூடத்தில் தொங்கும் படம் கலைஞரின் கருத்தாகவே கொள்ளப்படும். அதே படம் பலிபீடத்தின் மேல் அமையும்போது, அதன் முன் மக்கள் மண்டியிடுகின்றனர். திருச்சபையே அதைச் சொல்வதாக ஆகிவிடுகிறது. வேதத்தின் காட்சிகளை மாற்றுவது நம்பிக்கையைப் புண்படுத்துகிறது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். ஒதுக்கப்பட்டவர்களுடன் உணவருந்திய இயேசுவை இன்றைய ஒதுக்கப்பட்டவர்களிடையே காட்டுவது நற்செய்திக்கு முரணானது அல்ல என்பது ஆதரவாளர்களின் பதில்.

திருச்சபைகளிடையே இதில் இன்றும் ஒருமித்த நிலை இல்லை. ஒருபால் இணையர்களுக்கு வழிபாட்டுச் சடங்கு அல்லாத ஆசி வழங்க வத்திக்கான் 2023 டிசம்பரில் அனுமதி அளித்தது. எனினும் திருமணம் குறித்த போதனை மாறவில்லை. அதே ஆண்டு 'எக்சே ஹோமோ' ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டபோது, 25 ஆண்டுகளுக்கு முந்தைய அதே எதிர்ப்புக் குரல்கள் மீண்டும் ஒலித்தன.