அவசர சேவை விளையாட்டுக்களில் மெய்ம்மை

விளையாட்டு பொழுதுபோக்கு மட்டுமன்று, பயிற்சியுமாகும் என்பதை அறிஞர் நெடுங்காலமாகவே உணர்ந்துள்ளனர். போர்க்களத்தைப் பலகைமேல் அமைத்துக் காட்டும் சதுரங்கம் இதற்குத் தக்க சான்று. ஆயின் சதுரங்கத்தில் இரு திறத்தாருடைய காய்களும் இருவர் கண்ணுக்கும் ஒருங்கே புலப்படும். உண்மைப் போரில் எதிரியின் படை அவ்வாறு புலப்படுவதில்லை. இக்குறையை நீக்குமாறு, பிரஷிய நாட்டுப் படை அலுவலரான றைஸ்விற்ஸ் என்பார் 1824இல் வகுத்த போர் விளையாட்டில் நடுவர் ஒருவர் இடம்பெற்றார். ஒவ்வொரு திறத்தாருக்கும் அவர்தம் படையினர் கண்டறியக்கூடிய செய்தியை மட்டுமே அந்நடுவர் அறிவிப்பார். வரைபடத்தின் நேர்த்தியினால் மட்டுமன்றி, அறியாமையையும் ஆட்டத்துள் சேர்த்துக்கொண்டமையாலும் அவ்விளையாட்டு மெய்ம்மை பெற்றது.

இதே வினா இன்று வேறொரு துறையில் எழுந்துள்ளது. தீயணைப்புப் படை, அம்புலன்ஸ், பொலிஸ் ஆகிய அவசர சேவைகளை நிர்வகிக்கும் கணினி விளையாட்டுக்கள் பல இப்பொழுது இணையத்தில் ஆடப்படுகின்றன. ஜேர்மன் நாட்டில் தோன்றி, ஆங்கிலத்தில் ‘மிஷன்சீஃப்’ என்னும் பெயரால் வழங்குவது அவற்றுள் ஒன்று. மெய்யான ஊர்களின் வரைபடத்தில் ஆட்டக்காரர் நிலையங்களை நிறுவுவர், வண்டிகளை வாங்குவர், ஆங்காங்கே தோன்றும் விபத்துக்களுக்கு அவற்றை அனுப்புவர். பணி நிறைவேறியதும் அதற்குரிய பணம் கணக்கிற் சேரும்; அப்பணத்தைக் கொண்டு மேலும் வண்டிகள் வாங்கலாம். போலந்து நாட்டில் ஆக்கப்பெற்று 2017இல் வெளிவந்த ‘911 ஒப்பரேட்டர்’ என்னும் விளையாட்டு, அழைப்பவரின் குரலைக் கேட்டு வினாக்களைத் தொடுக்கும் வாய்ப்பையும் ஆட்டக்காரருக்கு அளிக்கிறது.

இவ்வகை விளையாட்டுக்களின் மெய்ம்மையை மிகுவிப்பது எவ்வாறு என்ற கேள்விக்கு ஆடுவோர் பலர் கூறும் விடை, நுணுக்கங்களைப் பெருக்குக என்பதே. வண்டிகளின் வகை, அவற்றின் நிறம், சங்கொலி, சீருடை என்பன அவ்வந் நாட்டு வழக்கோடு ஒத்திருத்தல் வேண்டும் என்பர். இவை கண்ணுக்கும் செவிக்கும் இன்பம் பயப்பன என்பதில் ஐயமில்லை. எனினும் ஒரு நுணுக்கம் ஆட்டக்காரரின் தீர்மானத்தை மாற்றுமா என்பதே அதன் மதிப்பை அளக்கும் கோல். தீயணைப்பு வண்டி செந்நிறமாயினும் மஞ்சள் நிறமாயினும் அதனை எங்கு அனுப்புவது என்ற தீர்மானம் மாறாது. மாற்றுவன வேறு சில உள. அவற்றை ஒவ்வொன்றாக நோக்குதல் தகும்.

முதலாவது, அழைப்பு. 1935 நொவெம்பர் 10ஆம் நாள் இலண்டன் மாநகரின் விம்போல் வீதியில் ஒரு வீடு தீப்பற்றி ஐந்து பெண்கள் உயிரிழந்தனர். அயலவர் ஒருவர் தீயணைப்புப் படையினரைத் தொலைபேசியில் அழைக்க முயன்றபோது, அவருடைய அழைப்பு ஏனைய அழைப்புக்களோடு வரிசையிற் காத்துக் கிடந்தது. அவர் இதனைப் பத்திரிகைக்கு எழுதினார், விசாரணையும் நடைபெற்றது, அதன் பயனாக 1937 யூன் 30ஆம் நாள் 999 என்னும் அவசர எண் இலண்டனில் நடைமுறைக்கு வந்தது. அவசர சேவையின் முதற் கண்டம் வண்டியன்று, செய்தியே என்பதை இந்நிகழ்ச்சி காட்டும். அச்செய்தியும் தெளிவாக வருவதில்லை. அழைப்பவர் நடுங்குவார், இடத்தின் பெயரை அறியார், மயங்கிக் கிடப்பவர் மூச்சுவிடுகிறாரா என்று சொல்லத் தெரியாது தவிப்பார். ஆதலினாலேயே 1970களின் இறுதியில் அமெரிக்காவின் சோல்ற் லேக் நகரில் ஜெவ் குளோசன் என்னும் வைத்தியர், அழைப்பை ஏற்பவர் கேட்கவேண்டிய வினாக்களை வரிசைப்படுத்தி, விடைகளுக்கேற்ப முதன்மையை வகுக்கும் முறையொன்றை உருவாக்கினார். ஆனால் விளையாட்டுக்கள் பலவற்றில் ‘வீடு தீப்பற்றியது’ என்ற செய்தி பிழையின்றித் தோன்றும்; எத்தனை வண்டி வேண்டும் என்பதும் உடன் கூறப்படும். சில அழைப்புக்கள் மிகைப்பட்டனவாகவும், சில குறைத்துக் கூறப்பட்டனவாகவும், சில ஒரே விபத்தைப் பற்றிய பல அழைப்புக்களாகவும் வருமாறு அமைத்தால், ஒரு புதிய வண்டியின் படமும் வரையாமலே ஆட்டத்தின் மெய்ம்மை பன்மடங்காகும்.

இரண்டாவது, பற்றாக்குறை. கொப்பன்ஹேகன் நகரத் தொலைபேசி நிறுவனத்திற் பணியாற்றிய டேனிஷ் கணித அறிஞர் ஏர்லாங் 1917இல் ஒரு சூத்திரத்தை வெளியிட்டார். தொலைபேசி இணைப்புக்கள் யாவும் ஒரே வேளையில் ஈடுபட்டிருக்கும் நிலை எத்துணை அடிக்கடி நேரும் என்பதை அது கணிக்கும். இணைப்புக்களுக்குப் பதிலாக அம்புலன்ஸ் வண்டிகளை வைத்தும் அதனைப் பயன்படுத்தலாம். ஒரு நிலையத்தில் நான்கு வண்டிகள் உள எனக் கொள்க. மணித்தியாலத்துக்குச் சராசரி இரண்டு அழைப்புக்கள் ஒழுங்கின்றி வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு வண்டியை ஒரு மணித்தியாலம் ஈடுபடுத்துகிறது. நான்கும் வெளியே சென்றிருப்பின் அழைப்பு அயல் நிலையத்துக்குப் போகும். சராசரியாக வண்டிகளுட் பாதி வாளாவிருப்பதுபோலத் தோன்றும். ஆயினும் நூறு அழைப்புக்களுள் ஏறக்குறைய 10 அழைப்புக்கள் வருங்கால் ஒரு வண்டிதானும் நிலையத்தில் இராது. அழைப்புக்கள் மணித்தியாலத்துக்கு மூன்றாக உயரின், அத்தொகை 10இலிருந்து ஏறக்குறைய 21 ஆகும். வேலை ஒன்றரை மடங்காக, கைவிடப்படும் அழைப்புக்களின் வீதம் இரு மடங்கையும் தாண்டுகிறது. வாளாவிருக்கும் வண்டி வீண்செலவு என்று கருதுவோர் இக்கணக்கை ஆராய்தல் நன்று.

இதனோடு தொடர்புடையது தூரம் பற்றிய விதி. நியூயோர்க் நகரத் தீயணைப்புச் சேவையை ஆராய்ந்த கொலெசர், புளூம் என்னும் இருவர் 1973இல் ஒரு தொடர்பைத் தெளிவுபடுத்தினர். ஒரு பிரதேசத்தில் விபத்துக்கும் அண்மையிலுள்ள வண்டிக்கும் இடைப்பட்ட சராசரித் தூரம், அவ்வேளை ஓய்ந்திருக்கும் வண்டிகளின் தொகையினது வர்க்கமூலத்துக்கு நேர்மாறு விகிதத்தில் அமையும் என்பதே அது. பதினாறு வண்டிகளுட் பன்னிரண்டு வெளியே சென்று நான்கு எஞ்சின் அத்தூரம் இருமடங்காகும். எனவே ஒரு பெருந்தீக்கு எல்லா வண்டிகளையும் அனுப்பிவிடும் ஆட்டக்காரர், இன்னும் நிகழாத விபத்தொன்றில் அகப்படப்போகும் ஒருவருக்கு உதவியைத் தாமதமாக்குகிறார். அவரை இப்பொழுது எவரும் அறியார். ஆயினும் அவர் உளர். அவருக்கெனச் சில வண்டிகளை ஒதுக்கிவைப்பதா, கண்முன் எரியும் வீட்டுக்கு அவற்றையும் அனுப்புவதா என்பதே கட்டுப்பாட்டு அறையின் உண்மையான இக்கட்டு. இவ்விக்கட்டு நேராத விளையாட்டு எத்துணை அழகியதாயினும் பொம்மையே.

மூன்றாவது, காலம். விளையாட்டுக்களிற் பெரும்பாலும் பயண நேரமே காலமாகக் கொள்ளப்படும். உண்மையில் அழைப்பை ஏற்றல், வீரர் ஆயத்தமாதல், பயணம், களப்பணி, நோயாளியை வைத்தியசாலையில் ஒப்படைத்தல், மீளல் எனப் பல கூறுகள் உள. ஊதியம்பெறும் வீரரைக் கொண்ட தீயணைப்புப் படைகளுக்கென அமெரிக்காவில் வகுக்கப்பட்ட நியமமொன்று, தீ அழைப்பின்போது வீரர் ஆயத்தமாவதற்கு 80 செக்கன்களையும் முதல் வண்டியின் பயணத்துக்கு 240 செக்கன்களையும் தனித்தனியே குறிக்கின்றது. இறுதிக் கூறுகளின் வன்மையை இங்கிலாந்தின் அனுபவம் காட்டும். அங்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை அடங்கும் இரண்டாம் வகை அழைப்புக்களுக்குச் சராசரி 18 நிமிடத்தில் உதவி சேரவேண்டும் என்பது குறிக்கோள். 2022 டிசெம்பரில் அச்சராசரி ஒன்றரை மணித்தியாலத்தையும் தாண்டிற்று. வைத்தியசாலைகளிற் படுக்கைகள் நிரம்பியமையால், நோயாளிகளை ஒப்படைக்கவியலாது வண்டிகள் வாயிலிற் காத்துக் கிடந்தமை அதற்கு முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். வண்டிகள் இல்லாமலில்லை, விடுபடவில்லை. வைத்தியசாலை வாயிலை அடைந்த கணமே வண்டி விடுதலை பெறும் விளையாட்டில் இவ்வுண்மை புலப்பட வழியில்லை.

நான்காவது, அறிவின் குறை. 1992 ஒக்டோபர் 26ஆம் நாள் இலண்டன் அம்புலன்ஸ் சேவை புதிய கணினி முறையொன்றை முழுமையாக மேற்கொண்டது. ஒவ்வொரு வண்டியும் எங்குள்ளது, என்ன செய்கிறது என்ற செய்தி எப்பொழுதும் பிழையின்றிக் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அம்முறை அமைக்கப்பட்டிருந்தது. நடைமுறையில் வானொலித் தொடர்பு தடைப்பட்டது. வண்டிகளின் நிலை தவறாகப் பதிவாயிற்று. ஓரிடத்துக்கு இரண்டு வண்டிகள் சென்றன, வேறோரிடத்துக்கு நெடுநேரம் ஒன்றுமே செல்லவில்லை. எச்சரிக்கைச் செய்திகள் திரையில் மலைபோற் குவிந்தன. உதவி வராமையால் மக்கள் மீண்டும் மீண்டும் அழைத்தனர். அவ்வழைப்புக்கள் நெருக்கடியை மேலும் பெருக்கின. ஊன்றி நோக்கின், அக்கணினி முறையை வகுத்தோர் செய்த தவறும் விளையாட்டை வகுப்போர் செய்யும் தவறும் ஒன்றே. திரையிற் காண்பதே உலகம் என இரு சாராரும் கொண்டனர்.

இறுதியாக, பணம். விபத்து நேர நேர ஆட்டக்காரரின் செல்வம் பெருகுவது இவ்விளையாட்டுக்களின் இயல்பு. ஒரு வீடு எரிந்தால் அவருக்கு வருவாய். உண்மைச் சேவைக்கோ ஆண்டு தொடங்குமுன்னரே பெரும்பாலும் தொகை வரையறுக்கப்பட்டுவிடும். விபத்துக்கள் மிகின் அத்தொகை நெருக்கப்படும். தீயே நிகழாதவாறு தடுத்தல் தீயணைப்புப் படையின் தலையாய பணிகளுள் ஒன்று. புகையுணர் கருவிகளைப் பொருத்துவித்தல், கட்டடங்களைப் பரிசோதித்தல் ஆகியவற்றாற் குறைந்த விபத்துக்களுக்கு மதிப்பெண் வழங்கும் விளையாட்டே உண்மையை அணுகியதாகும்.

இவற்றையெல்லாம் சேர்த்தால் விளையாட்டு இன்பம் இழந்து பாரமாகிவிடாதா என்று வினவுவார் உளர். அவ்வினா புறக்கணிக்கத்தக்கதன்று. கட்டுப்பாட்டு அறையில் இரவு முழுதும் அழைப்பின்றிக் கழியலாம். அதனை அவ்வாறே ஆட வைப்பது அறிவுடைமையாகாது. காலத்தைச் சுருக்கலாம், பணிகளை எளிதாக்கலாம். வரைபடம் நாட்டை ஆயிரக்கணக்கான மடங்கு சுருக்கியும் திசையையும் விகிதத்தையும் பிறழ விடுவதில்லை. அதுபோல விளையாட்டும் அளவைச் சுருக்கலாம், விகிதத்தைப் பிறழச் செய்தலாகாது. அழைப்பின் ஐயம், வண்டியின் அருமை, காலத்தின் கூறுகள், செய்தியின் குறை ஆகிய நான்கும் காக்கப்படின் ஏனையவற்றைக் கற்பனைக்கு விடலாம்.

இதனைப் பெரிதாகக் கருத வேண்டுவதற்குக் காரணம் உண்டு. இவ்விளையாட்டுக்களை ஆடும் இளைஞருள் மிகச் சிலரே கட்டுப்பாட்டு அறைகளில் அமர்வர்; ஆயின் அனைவரும் குடிமக்களாவர். அம்புலன்ஸ் வண்டி எப்பொழுதும் ஆயத்தமாய் நிற்கும், விரலால் தொட்டதும் புறப்படும் என்று விளையாட்டிற் கற்றவர், அது தாமதித்து வரும் நாளில் வண்டியோட்டியின்மீது சினம் கொள்வர். ஒழிந்து நிற்கும் வண்டியின் அருமையை விளையாட்டில் உணர்ந்தவரோ, சிறு நோய்க்கு அதனை அழைக்குமுன் ஒரு கணம் எண்ணுவர். பேராபத்திலோ தயங்காது அழைத்து, இடத்தையும் நிலையையும் தெளிவாகச் சொல்லுவர். சேவைக்கெனச் செலவிடப்படும் பொதுப்பணத்தை வீணென்று கூறார். வெல்லும் வழியைக் கற்பிக்கும் விளையாட்டுக்கள் பல உள. எல்லாரையும் ஒரே வேளையிற் காப்பாற்றுதல் இயலாது என்பதையும், இயன்றவரை காப்பாற்றுதற்கு எத்துணை முன்னறிவு வேண்டும் என்பதையும் கற்பிப்பதே அவசர சேவை விளையாட்டின் மெய்ம்மையாகும்.